பானெட்டில் வைத்த பொட்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் காரிலிருந்து யாரோ இன்ஜின் எண்ணெயைத் திருடுகிறார்கள் என்று மூன்று வாரம் மனதார நம்பினேன். வயது ஐம்பத்து மூன்று. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் என்னை நம்பிப் பன்னிரண்டு பேரை வேறு ஒப்படைத்திருக்கிறார்கள்.

கார் என் மனைவியுடையது. ஐம்பது வயதில் லைசன்ஸுக்குப் போய், இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறி, தன் பெயரில் வாங்கிய புது டர்போ கார். பள்ளி விடுமுறையில் தன் இரண்டு அக்காக்களையும் ஏற்றிக்கொண்டு கிள்ளானிலிருந்து பினாங்குக்குத் தானே ஓட்டிப் போவதாகச் சொல்லியிருந்தாள். அக்காக்கள் அப்போதே தலையணையை எடுத்து வைத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவினேன். மேல்கோட்டில் இருக்க வேண்டிய எண்ணெய் நன்றாகக் கீழே இறங்கிக் கிடந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. பின்னால் புகையும் இல்லை. என் பழைய கார் எண்ணெய் குடித்த காலத்தில், பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் இருமிக்கொண்டே என் பரம்பரையை விசாரிப்பார்கள். புதுக் கார் எண்ணெய் குடிக்காது என்பது என் சித்தாந்தம். அப்படியென்றால் திருட்டு. பக்கத்து வீட்டு அண்ணன் லோரி ஓட்டுகிறார். லோரிக்கு எண்ணெய் வேண்டும். கேஸ் முடிந்தது.

மூன்றாவது வாரம் பொறி வைத்தேன். பானெட்டும் முன்பக்கமும் சேருகிற இடுக்கில் குங்குமத்தைக் குழைத்து ஒரு பொட்டு. யாராவது திறந்தால் பொட்டு உடையும்.

"என்ன தம்பி, தெனம் குனிஞ்சு குனிஞ்சு காருக்குப் பொட்டு வைக்கிறீங்க?" என்றார் லோரி அண்ணன், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

"திருஷ்டி பட்டுருச்சுண்ணே."

"அப்ப என் லோரிக்கும் ஒன்னு வைங்க லா. அதோட அழகுக்கு ஊரே கண்ணு வைக்குது."

ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கி எழுந்து போய்ப் பார்த்தபோது பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. நேராக மனைவியிடம் ஓடினேன்.

"திருடன் உறுதி! எண்ணெய் இல்லாம பினாங்கு ரோட்டுல இன்ஜின் இறுகிப் போனா என்ன செய்வ? அக்காங்கள பஸ்ல போகச் சொல்லு. காரையும் வித்துருவோம்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கட்டு நாட்காட்டித் தாள்களை எடுத்து வந்தாள். எல்லாம் கிழித்த ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் கிலோமீட்டர் எண். பக்கத்தில் குச்சியின் படம். எண்ணெய் நிற்கிற இடத்தில் ஒரு கோடு.

"பொட்ட ஒடச்சது நான்தான். வாராவாரம் கோயில் கார் பார்க்கில தொறந்து பாக்குறேன். அங்கதான் தரை சமமா இருக்கு. நீங்க எங்க பாத்தீங்க?"

"நம்ம வீட்டு வாசல் போர்ச்சுல."

"அது சாக்கடைப் பக்கம் சரிஞ்சிருக்கு. வண்டி நின்ன உடனேயேவா பாத்தீங்க? எண்ணெய் கீழ இறங்க வேணாமா?"

ஒரு தாளை வாங்கித் திருப்பினேன். முன்பக்கம் என் ராசிக்கு 'வீண் அச்சம்' என்று போட்டிருந்தது.

ஆனாலும் அவள் கோடுகளும் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்தன. எண்ணெய் குறைவது நிஜம். தாள்களைத் தூக்கிக்கொண்டு இருவரும் பட்டறைக்குப் போனோம். ஃபோர்மேன் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பாஸ், இப்ப வர்ற இன்ஜின்ல பெட்ரோல் மிச்சம் புடிக்க எண்ணெயையே தண்ணி மாதிரி ஆக்கிட்டாங்க. பிஸ்டன் ரிங்கும் முன்ன மாதிரி இறுக்கிப் புடிக்காது. டர்போ வேற. கொஞ்சம் எரியத்தான் செய்யும், வண்டி புத்தகத்துலயே போட்டிருக்கு. திடீர்னு கூடுனாத்தான் கோளாறு. அக்கா கணக்குல ஒரே சீரா இறங்குது. நல்ல இன்ஜின்." பிறகு அவளிடம் திரும்பி, "அக்கா, இத ஒரு போட்டோ எடுத்துக்கவா? இங்க வர்றவங்க யாரும் குச்சிய தொடுறதே இல்ல," என்றார்.

"என் மனைவி," என்றேன், காத்திருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. யாரும் கேட்கவில்லை. இன்னொரு முறையும் சொன்னேன்.

விடுமுறையில் பினாங்கு போய் வந்தோம். போக வர முழுக்க அவள்தான் ஓட்டினாள். முன்சீட்டைப் பைகளுக்குக் கொடுத்துவிட்டு, நான் பின்சீட்டில் இரண்டு அக்காக்களுக்கும் தலையணைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த ஞாயிறு கோயில் கார் பார்க்கில் குச்சியை உருவிப் பார்த்தாள். ஒரு டீ கிளாஸ் அளவு குறைந்திருந்தது. ஊற்றிவிட்டு, தாளில் எழுதினாள்.