மேட்னியில் தூங்குகிறவர்கள்

தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில் மூடிக் கிடந்த தியேட்டரைப் புதுப்பித்தபோது ஸ்பீக்கர் மாட்டியவர்களில் நானும் ஒருவன். ஆசையாக மேட்னி பார்க்கப் போனேன். சண்டைக் காட்சி வந்ததும் சத்தம் இறங்கிவிட்டது. மெஷின் கோளாறோ என்று புரொஜெக்டர் ரூமுக்கு ஓடினால், மேனேஜரே குறைத்துக்கொண்டிருந்தார். சலவைச் சட்டை போட்ட ஒல்லி மனிதர். டார்ச் வெளிச்சம் யார் முகத்திலும் படாமல் தரையில் அடித்தே நடப்பார்.

“இன்னா சார், சண்டையே கேக்கல?”

“பெங்களூர்ல நைட் ஷிப்ட் முடிச்சி வந்தவங்க தூங்கறாங்கப்பா. ஒத்தை ரூம் வீட்ல பகல்ல எங்க படுப்பாங்க?”

“தூங்கறதுக்கா தியேட்டரு?”

“டிக்கெட் எடுத்துத்தானே தூங்கறாங்க. அவங்களும் வரலைன்னா மறுபடி பூட்ட வேண்டிதான்.”

முன்வரிசையில் விசில் பறந்தது. அரை மனதோடு கொஞ்சம் ஏற்றினார். ரூம் ஜன்னல் வழியே தூங்குகிறவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குச் சினிமா பிடிக்குமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.