தடுத்து வைத்த மணி

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் பழைய எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டு இன்டர்நெட் போன் வைத்தோம். ஒரே வாரத்தில் தொல்லை ஆரம்பித்தது. நாள் முழுக்க மேஜைக்கு மேஜை மணி அடிக்கும். எடுத்தால் மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. எங்கோ ஒரு இயந்திரம், திறந்த கதவு கிடைக்குமா என்று ஒவ்வொரு போனாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தையல் பிரிவுப் பெண்கள் என்னை ஓட்டினார்கள். "இன்னா சார், உங்க இன்டர்நெட்ல பேய் பூந்துடுச்சா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு ரிங்கோடு கட்டாகும் அழைப்பு ஒரே எண்ணிலிருந்து நாலைந்து முறை வந்தால், அந்த எண் தானாகவே தடுப்புப் பட்டியலுக்குப் போகும்படி விதி எழுதினேன். கூடவே ஒரு தந்திரமும் வைத்தேன். அழைப்பவருக்கு மணி அடிப்பதுபோலவே கேட்கும். இங்கே எந்த போனும் அடிக்காது. அடுத்த திங்கட்கிழமை கம்பெனி அமைதியானது. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திவிட்டேன். ஊரே மிஸ்டு கால் கொடுத்துப் பேசிக்கொண்ட காலம் அது என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

செல்போனை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் பெண்கள் உள்ளே வரவேண்டும். தையல் பிரிவில் ஒரு அக்காவின் கணவருக்குப் பக்கவாதத்தில் பேச்சு போயிருந்தது. தினமும் பதினொரு மணிக்கு அவர் வீட்டு போனிலிருந்து சூப்பர்வைசர் மேஜைக்கு ஒரே ஒரு ரிங் கொடுப்பார். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். விடாமல் அடித்தால் உடனே வா என்று அர்த்தம்.

அந்தத் திங்கட்கிழமை ரிங் வரவில்லை. அக்கா பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினார். அவரோ கட்டிலில் உட்கார்ந்தபடி, 'அடித்தேனே' என்று கோபமாகச் சைகை காட்டினாராம். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. "புது லைன் பேஜார் பண்ணுதும்மா. நேத்து மாதிரிதான் இருக்கும், வேலையப் பாரு" என்றார் சூப்பர்வைசர். அக்கா உட்கார்ந்து தைத்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் தரையில் கிடந்தார். உடம்பு குளிர்ந்து போயிருந்தது.

மறுநாள் கேள்விப்பட்டதும் தடுப்புப் பதிவைத் திறந்தேன். செவ்வாய் பதினொன்றுக்கு அக்கா வீட்டு எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. பன்னிரண்டேகாலிலிருந்து மறுபடி அதே எண், வரிக்கு வரி, ஒன்றரை மணி வரை. அடிக்காத அந்த மணி இன்றைக்கும் என் காதில் அடிக்கிறது. பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு போனைத் திரும்பிப் பார்க்கிறேன். அன்றைக்கே அந்த விதியை அழித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று அக்கா நேராக என் அறைக்கு வந்தார்.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் பதிவாகும்னாங்க சார். வீட்ல ரிசீவர் கீழ தொங்கிட்டிருந்துச்சு. அன்னிக்கு அவரு அடிச்சாரா?"

திரையை அவர் பக்கம் திருப்பாமலே சொன்னேன். "இல்லக்கா. எதுவும் வரல."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூப்ட்டு, நான் வராம இருந்துட்டேனோன்னுதான் சார் சோறு எறங்கல. இப்ப போதும்."

என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தன் மிஷினுக்குப் போனார். அவர் என்னைக் கும்பிட்டிருக்க வேண்டாம்.