சுடுதண்ணீரில் இருநூறு வலைக்கண்

செட்டிபாளையத்துக் கதிர்காமத்தம்பிக்குக் கை சும்மா இருந்தால் தலை இடிக்கும். அவன் கட்டிய வலையில் ஒரு முடிச்சுக்கூட நழுவியதில்லை. வாவிக்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1937இல் மூத்திரப்பைக் கல்லை எடுக்கப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் மடியில் வலை ஊசியும் நூல்பந்தும் வைத்திருந்தான்.

கல்லை எடுத்தாயிற்று. வெளிக்காயமும் ஆறிவிட்டது. ஆனால் அடிவயிற்றுக்குள்ளே வீக்கம் நின்றது. பின்னேரமானால் காய்ச்சல் காய்ந்தது.

டொக்டர் வயிற்றை அமர்த்திப் பார்த்தார். “உள்ளுக்கு அழற்சி. காலையும் பின்னேரமும் இடுப்புமட்டும் சுடுதண்ணியில இருபது நிமிசம் இருக்கவேணும். மற்ற நேரம் படுக்கை. பத்து நாள் கழிச்சு வா. வீக்கம் வத்தாட்டி திரும்பவும் வெட்டத்தான் வேணும்.”

முதல் வெட்டுக்கே மூன்று கிழமை எழும்பாமல் கிடந்தவன். இன்னொன்றைத் தன் உடம்பு தாங்காது என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டில் மணிக்கூடு இல்லை. அதற்கும் அவனே வழி கண்டான். புறப்படும் நாளில் ஆஸ்பத்திரித் தொட்டிக்குள் இருந்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி வலை கட்டினான். இருபது நிமிடத்துக்கு நூற்றிருபது வலைக்கண்.

வீட்டில், பாதியாக அறுத்த பீப்பாவுக்குள் இடுப்பில் கட்டிய சாரத்தோடு இருந்து, நூற்றிருபது கண் முடிந்ததும் எழும்புவான். கொதிதண்ணீர் ஒரு குடம், கிணற்றுத் தண்ணீர் நாலு குடம் என்று அக்கா சீதேவிப்பிள்ளை அளந்து ஊற்றுவாள். நாலு நாளில் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் திரும்பி வந்தது. ஏழாம் நாள் காலையில் அடிவயிற்றைத் தொட்டாலே வலித்தது.

“தண்ணி சூடு காணாதோ அக்கா?”

“ஒண்டுக்கு நாலு. ஒரு சிரட்டை கூடல்ல, குறையல்ல. என்ட அளவுல பிழை பிடிக்க வாறியோ?”

அன்று காத்தான்குடியிலிருந்து நூல் கொண்டுவந்த, அவன் அண்ணன் முறை வைத்துக் ‘காக்கா’ என்று அழைக்கும் ஆதம்பாவா பீப்பாவைக் கண்டு சிரித்தார். “தண்ணிக்குள்ள மீன், வெளியில மீன்காரன் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன்.”

“சிரியுங்க காக்கா. எழும்பினா உங்களைத்தான் பிடிச்சு உள்ள போடுவன்.”

நூற்றிருபதாவது கண்ணை இறுக்கிவிட்டு எழும்பப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். தண்ணீர் இன்னும் சுட்டது. முதல் நாட்களில் இந்த நேரத்துக்கு வெதுவெதுத்துப் போயிருக்கும். அக்காவின் அளவு பிசகாது. அப்படியென்றால் பிசகியது எது? விரல்களைப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் ஊசி பிடிக்கவே நடுங்கிய விரல்கள்.

“காக்கா, உங்கட மணிக்கூட்டை ஒருக்கால் எடுங்க.”

மறுபடி இருந்து இன்னொரு நூற்றிருபது கட்டினான். ஆதம்பாவா சட்டைப்பை மணிக்கூட்டைப் பார்த்தார். “பன்னிரண்டு நிமிசம்.”

“உடம்பு தேறத் தேறக் கை விரைஞ்சிற்று அக்கா. எட்டு நிமிசத்த நானே களவெடுத்திருக்கன்.”

அன்று பின்னேரம் தொடக்கம் இருநூறு கண். அது முடிந்தாலும் தண்ணீர் வெதுவெதுக்காமல் எழும்பமாட்டான். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

பத்தாம் நாள் டொக்டர் நெடுநேரம் அமர்த்திப் பார்த்தார். அக்கா கதவருகே நின்றாள்.

“பாதிக்கு மேல வத்திற்று. கத்தி வேண்டாம். இன்னும் ரெண்டு கிழமை, பதினாலு நாளும் இதையே செய்.”

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். வண்டியில் ஏறியதும் சொன்னான்.

“அக்கா, நூல் காணாது.”

எவ்வளவு வேண்டுமென்று அவள் முன்னமே கணக்குப் பார்த்து வைத்திருந்தாள். இருபத்தெட்டுத் தரம் இருநூறு, ஐயாயிரத்து அறுநூறு கண்.