வசனத்தை வெட்டிய தணிகாசலம் சார்

தணிகாசலம் சார் போய்விட்டார். இன்று காலை, புக்கிட் பாருவில், மகள் வீட்டில்... சற்று முன்புதான் மகள் மல்லிகா போன் செய்தாள்.

நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. அழித்து அழித்துத்தான் இதையும் எழுதுகிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இளையவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. மெட்ராஸிலிருந்து சிங்கப்பூர் ஸ்டூடியோவுக்கு வந்து மலாய்ப் படங்கள் எடுத்த டைரக்டர். வந்தபோது மலாயில் ஒரு வார்த்தை தெரியாது!

மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரம், நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அவுட்டோர் ஷூட்டிங்கிற்காக மலாக்காவில் எங்கள் காஜா பெராங்குக்கு வந்தார். தமிழும் மலாயும் தெரிந்த ஆள் தேவை என்று யாரோ என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான் அப்போது ஓர் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. லீவு எடுத்துக்கொண்டு போனேன். அவர் தமிழில் எழுதும் வசனத்தை மலாயில் மாற்றுவது என் வேலை.

ஷூட்டிங்கிற்கு, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டிக் குடும்பம் ஒன்றின் வீடு கிடைத்தது. வாசலில் மாவிலை, அந்த வீட்டு அம்மாவின் நெற்றியில் திருநீறு. சார் மகிழ்ந்துபோய்த் தமிழில் பேச்சை ஆரம்பித்துவிட்டார்... அந்த அம்மா பொறுமையாகக் கேட்டு முடித்து, மலாயில் பதில் சொன்னார்.

"என்னப்பா சொல்றாங்க?"

"தமிழ் தெரியாதாம் சார். சாமி கும்பிட மட்டும் தெரியுமாம்."

"அட, நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்சி! எனக்கு மலாய் தெரியாது, படம் எடுக்க மட்டும் தெரியும்."

அந்த அம்மா சிரித்த சிரிப்பு... அதற்குப் பிறகு ஷூட்டிங் முடியும்வரை யூனிட்டுக்கே அவர் வீட்டுச் சமையல்தான்.

ஆனால் படம் எடுக்கத் தெரியுமா என்பதுதான் ஸ்டூடியோவின் சந்தேகம். முதல் இரண்டு படங்களும் ஓடவில்லை. மேனேஜர் நாயர் என் எதிரிலேயே சொன்னார்: "மெர்டேக்கா வந்தா மலாய்க்காரங்களே டைரக்ட் பண்ணப்போறாங்க. இதுவும் விழுந்தா உங்களுக்கு மெட்ராஸ் கப்பல்தான், மிஸ்டர் தணிகாசலம்."

சார் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ரிகர்சல் பார்க்கப் போய்விட்டார்.

ஆம், பஞ்சு! அதுதான் அவர் முறை. "மொழி தெரியாதவனுக்கும் புரியணும் தம்பி. புரியலேன்னா தப்பு என்னோடது."

படத்தில் ஒரு காட்சி. வீட்டை விட்டு ஓடிப்போன மகன் பல வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே வரத் தயக்கம். அம்மா பேச வேண்டும். அந்த வசனத்துக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு பக்கம். என் ஆயுளில் நான் எழுதிய நல்ல மலாய் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்... ஒருவேளை தவறாகவும் இருக்கலாம்.

ரிகர்சல் பார்த்தார். பஞ்சை எடுத்தார். "முழுக்க வெட்டிடு."

அம்மாவாக நடித்த மக் தீஜா பங்சாவான் நாடக மேடையில் வளர்ந்தவர். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பிடிபிடியென்று பிடித்துவிட்டார். வசனம் இல்லாமல் நிற்க நான் என்ன வாழை மரமா, இந்த ஆளுக்குப் பைத்தியமா என்று! நான் பயந்துபோய், "கொஞ்சம் வருத்தப்படறாங்க சார்" என்று மாற்றிச் சொன்னேன்.

"பொய் சொல்லாதே. திட்டறாங்க. அந்தக் கோபத்தை அப்படியே வெச்சுக்கிட்டு, வாய மட்டும் மூடிக்கச் சொல்லு. கேமரா!"

படத்தை முதலில் மலாக்காவில் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. சனங்கள் எல்லாம் கலந்து வருவார்கள் அல்லவா. புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்திலிருந்து லாரியில் நம்மவர்கள், செமாபோக்கிலிருந்து சைக்கிளில் மலாய்க்காரர்கள், கடைத்தெருச் சீனர்கள்... ஹால் நிறைந்துவிட்டது. நான் சாருக்கும் நாயருக்கும் நடுவில். 

அந்தக் காட்சி வந்தது. மகன் வாசலில். மக் தீஜா அவனையே பார்க்கிறார். பேச்சில்லை. மியூசிக்கும் இல்லை.

நாயர் என் பக்கம் குனிந்து, "சவுண்ட் போச்சா?" என்றார்.

அப்போது பின்பெஞ்சிலிருந்து ஒரு மலாய்க் கிழவியின் குரல். "மாசோக்லா, நாக்!"

உடனே அதையே தமிழில் நம் தோட்டத்து அம்மா ஒருத்தர்: "உள்ள வாய்யா! ஏன் அங்கயே நிக்கிற?"

சீனர் ஒருவர் ஹொக்கியனில் கத்தினார். பிறகு யார் எந்த மொழியில் கத்தினார்கள் என்றே தெரியவில்லை... ஹால் முழுக்க அவனைக் கூப்பிட்டது.

சார் என் கையைப் பிடித்தார். "என்ன சொல்றாங்க? கிண்டலா?"

"இல்ல சார்... உள்ள வரச் சொல்றாங்க."

"யாரை?"

"அவனை சார். படத்துல நிக்கிறவனை."

திரையில் மகன் வாசல் தாண்டினான். கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. யாரோ "மெர்டேக்கா!" என்றுகூடக் கத்தினார். எதற்கென்று இன்றுவரை புரியவில்லை! மக் தீஜா முன்வரிசையில் எழுந்து நின்று, ஏதோ அந்த வசனத்தை வெட்டச் சொன்னதே தான்தான் என்பதுபோல் எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

நாயர் வெளியே வந்து சிகரெட் பற்றவைத்துக்கொண்டுதான் கேட்டார்: "அடுத்த கதை ரெடியா?"

"ரெடி," என்றார் சார். (இல்லை. எனக்குத் தெரியும்.)

அதன் பிறகு அவரை யாரும் கப்பல் ஏற்றவில்லை. படத்துக்கு மேல் படம். ஸ்டூடியோ மூடிய பிறகு மெட்ராஸுக்குத் திரும்புவார் என்று நினைத்தோம்... இங்கேயே வந்து வீடு வாங்கினார். கடைசிக் காலத்தில் மார்க்கெட்டில் மீன்காரரிடம் மலாயில் பேரம் பேசுவார். மோசமான மலாய். ஆனால் ஜெயிப்பார்.

நாளைக் காலை பத்து மணிக்கு மல்லிகா வீட்டிலிருந்து எடுக்கிறார்கள்.

போனில் மல்லிகாவிடம் ஒன்று கேட்டேன். கேட்கலாமா கூடாதா என்று தயங்கித்தான்... அவரைத் தூக்கும்போது கைதட்டலாமா அம்மா, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்களே, என்று.

 "நல்லா சத்தமா தட்டுங்க அங்கிள்," என்றாள்.

வர முடிந்தவர்கள் வாருங்கள்.

நான்தான் முதலில் தட்டுவேன், சார். தட்டிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.