வேகம் ஏற்றிய கார்டா, சாதா கார்டா?

அன்றைக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயிலில் நான் வாயை மூடவே இல்லை. "மூணு ஃபேன் வெச்ச கார்டுய்யா, கம்பெனியிலயே ஸ்பீடு ஏத்தி வருது. அது மட்டும் நம்ம கம்ப்யூட்டர்ல உக்காந்துச்சுன்னா பிச்சிக்கினு போகும்!" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பொன்னேரி வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார். நான் விடுவேனா? எழுப்பி உட்காரவைத்து மறுபடி சொன்னேன்.

தூங்காமல் பாவம் என்ன செய்வார்? சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில் எலக்ட்ரீஷியன் அவர். நான் வேலை பார்த்த கார் பாகங்கள் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது என் வேலையும் போனது. அதிலிருந்து அவருக்கு அடிக்கடி டபுள் டூட்டி, பகல் ஷிப்ட் முடிந்ததும் அப்படியே ராத்திரி ஷிப்ட். நான் வீட்டில் உட்கார்ந்து, இனிமேல் கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோல் காட்டுகிற அனிமேஷன் படம் செய்யக் கற்றுக்கொண்டேன். சென்னையில் ஒரு நிறுவனம் மாதிரிப் படம் ஒன்று கேட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் அனுப்பி, அவர்களுக்குப் பிடித்துவிட்டால், வீட்டிலிருந்தே மாதச் சம்பளம். டபுள் டூட்டிக்குப் பெரிய கும்பிடு. ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருந்து படத்தை வரைந்து தரும் என் பழைய கிராஃபிக்ஸ் கார்டு பாதிப் படத்திலேயே படுத்துவிட்டது.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார்.

"ரெண்டும் ஒரே சிப்தான்க்கா. இது கம்பெனியிலயே ஓவர்கிளாக் பண்ணது. வேகம் கொஞ்சம் ஜாஸ்தி, கரன்ட்டும் சூடும் கொஞ்சம் ஜாஸ்தி. அது சாதா."

"எவ்ளோ ஜாஸ்தி?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரு மணி நேர வேலைன்னா ரெண்டு மூணு நிமிஷம் முன்ன முடியும்ணே."

"அப்ப சாதாவே குடுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கனவில்கூட அந்த மூன்று ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இவர் பாட்டுக்குத் தக்காளி வாங்குவது மாதிரிச் சொல்கிறார்!

"இன்னாமே மொறைக்கிற? அளவுக்கு மேல ஓட்டி எரிஞ்ச மோட்டாரு எத்தினிய நான் கயட்டிப் போட்டுக்கிறேன் தெரியுமா?"

"அண்ணே, இது மோட்டார் இல்ல. டெஸ்ட் பண்ணிதான் அனுப்புறாங்க, வாரன்ட்டி இருக்கு" என்றார் கடைக்காரர்.

"கேட்டுக்கினியா?" என்று துள்ளினேன். "அளவுக்கு மேல ஓடக் கூடாதுன்னா, நீ மட்டும் டபுள் டூட்டி பாக்குறியே, அது இன்னா கணக்கு?"

கடையே திரும்பிப் பார்த்தது. அவருக்குக் கோபம் வரவில்லை.

"அப்டி ஓடிக்கினு இருக்கறவன்தான் சொல்றேன்" என்றார்.

மூணு ஃபேன் டப்பாவை நானே தள்ளி வைத்தேன். சாதா கார்டையே வாங்கிக்கொண்டு, திரும்பும்போது ஜன்னல் பக்கத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய குஷி திரும்பிவிட்டது. நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் அவரே கார்டை மாட்டி வைத்திருந்தார். சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. அணைத்துப் போட்டேன். அதே கறுப்பு.

"போச்சு! எல்லாம் போச்சு! அதை வாங்கியிருந்தா இந்தப் பேஜாரு உண்டாய்யா?" என்று கத்தினேன். திங்கட்கிழமை கண்முன்னால் வந்து நின்றது. அழுதுகொண்டே கார்டைக் கழற்றினேன். அடியில் பல் பல்லாகத் தங்க நிறத்தில் இருக்குமே, போர்டில் சொருகி இணைப்பு எடுக்கும் இடம், அதன்மேல் சந்தனம்! நடுவில் குங்குமம் வேறு!

"இன்னாய்யா இது?"

"மில்லுல புது மோட்டாரு வந்தா சந்தனம் குங்குமம் வெக்காம சுச்சு போட மாட்டோம்" என்று தலையைச் சொறிந்தார். "அந்த எடம்தான் பளபளன்னு லட்சணமா இருந்துச்சு."

அடப்பாவி மனுஷா! அழுகை பாதியில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உலர்ந்த துணியால் துடைத்து, பென்சில் ரப்பரால் அந்தப் பற்களைப் பக்குவமாகத் தேய்த்து மறுபடி சொருகினேன். திரையில் வெளிச்சம் வந்தது. இரண்டு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்துவிட்டார். அந்தக் கார்டு திணறவே இல்லை. நான் வரைந்த வீட்டின் கூடத்தில் வெயில் விழுந்தது, படிக்கட்டு வந்தது, மாடி வந்தது. படத்தை முழுசாக முடித்து, திங்கட்கிழமை காலையிலேயே அனுப்பிவிட்டேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் போன் வந்தது. வேலை எனக்குத்தான்! உடனே மில்லுக்குப் போன் போட்டேன். "கெடச்சிடுச்சுய்யா!" என்று கத்தினேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே, "ராத்திரி ஷிப்டுக்கு நிக்கலன்னு சொல்லிட்டு வர்றேன்" என்றார்.

பகல் ஷிப்ட் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. குளித்தார், சாப்பிட்டார், கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"இப்ப இன்னாமே பண்றது?" என்று கேட்டார்.