சங்கிலிக்கு அடியில்

அந்த நாலு சாக்கையும் மடித்து எடுத்துக்கொண்டு போனவன் நான்தான். விருதுநகர் குடோனில் என் அச்சு மெஷின் டிரெய்லர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பழைய மெஷின், ஆனாலும் புதுப் பெயிண்ட் அடித்துக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. அதன்மேல் டிரைவர் இரும்புச் சங்கிலியை வீசியதும் பெயிண்ட் உரிந்துவிடுமே என்று ஓடினேன். சங்கிலி உரசும் இடமெல்லாம் சாக்கை மடித்து வைக்கச் சொன்னேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. போகப்போக சாக்கு அமுங்கிரும், சங்கிலி தொளதொளன்னு ஆயிரும்" என்றார். நான் விடவில்லை. "சரி, வைக்கேன். அஞ்சாறு கிலோமீட்டர் போயி நிறுத்தி ஒருதடவை இறுக்கிக்கிடுவோம்" என்று இறங்கிவந்தார். ஆனைக்குட்டத்துக்காரர். என் வயதுதான் அவருக்கும். ஒவ்வொரு சங்கிலியையும் காலால் மிதித்துப் பார்த்த பிறகே வண்டியில் ஏறினார்; நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

ஆமத்தூர் வந்ததும் சங்கிலியை இறுக்க ஓரங்கட்டப் பார்த்தார். திருத்தங்கலில் பிரஸ் வாசலில் என் மனைவியும் சொந்தபந்தமும் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது. காலண்டர் சீசன் வேறு. "நல்ல நேரம் போயிட்டா நீரா திருப்பித் தருவீரு? நிறுத்தாம ஓட்டும்யா!" என்று கத்தினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வழியில் ஒரு பாலத்து இறக்கம். கீழே பட்டாசுக் கம்பெனி பஸ் நின்று, பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் பிரேக்கைத் தொட்டார். முதுகுக்குப் பின்னால் மெஷின் கிறீச்சென்று நகர்ந்தது. "முன்னால வருது அண்ணாச்சி" என்றார். பிரேக் பிடித்தால் அத்தனை டன்னும் எங்கள்மேல். பிடிக்காவிட்டால் அந்தப் பெண்கள்மேல். அவர் யோசித்த மாதிரியே தெரியவில்லை. காலை முழுக்க ஊன்றிவிட்டார். பஸ்ஸுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. மெஷின் நிற்கவில்லை.

கேபினின் பின்சுவர் உள்ளே வந்து எங்கள் இருவரையும் முன்பலகையோடு வைத்து நெருக்கியது. பாதி மூச்சுதான் உள்ளே போனது. கதவு திறக்கவில்லை. கிரேன் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண்கள் ஜன்னல் வழியாக எங்கள் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். நான் வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். என் தோளோடு ஒட்டியிருந்த அவர் தோளும் நடுங்கியது. "ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி, நான் இருக்கேம்லா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சாக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. அவருக்கு வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர், "லோடை யாரு கட்டுனது?" என்று கேட்டதும், "நான்தான்" என்றார். பக்கத்துக் கட்டிலில் நான் தூங்குகிறவன் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து வெளியே போனாலும் மூச்சு பாதிதான் போகிறது. போன மாதம், எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று ஆனைக்குட்டத்துக்குப் போனேன். அவர் மனைவி காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றார்.

"நீங்க கூடத்தான இருந்தீக அண்ணாச்சி? இவுக லோடைச் சரியாக் கட்டலைன்னு ஊரே பேசுது. டிரைவர்மாரு யாரும் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கறதில்ல. நெசத்தை நீங்க சொன்னா நம்புவாக."

கட்டிலில் உட்கார்ந்திருந்த டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். காப்பியைக் கீழே வைத்தேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "அண்ணாச்சிக்குக் காப்பி ஆறிப்போச்சு பாரு. வேற போட்டுக் குடு" என்றார்.

வேறு காப்பி வந்தது. குடித்தேன்.