ரொட்டிக்குள் போன சுருள்முடி

பெற்றவர்கள் அவளுக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை யார் கண்டது? நாடகக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் சவுரியக்காதான். மேடைக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் அவள் அறை. சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். ஒரு மேசை, வரிசையாக மரத்தலைகள், பல் உடைந்த சீப்புகள், பிசின் டப்பா. ராணிகளுக்குச் சவுரிக் கொண்டையும் திருடர்களுக்குத் தாடியும் அங்கேதான் பிறக்கும். அவள் உடை தைக்க வந்தவள். பொய்முடி கட்டும் முடிக்காரர் ஒருநாள் கோபித்துக்கொண்டு போய்விட, "நீ ரெண்டு நாள் பாத்துக்கோயேன்" என்றார்கள். பார்த்தாள், பார்த்தாள், தலை நரைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் சிக்கெடுக்க உட்கார்ந்தால் ஒருவருக்கும் வலிக்காது.

அந்த வருடம் கம்பெனி ஒரு பழைய காலத்து ராஜா கதையை எடுத்தது. அந்தக் கதையின் காலத்தில் பெரிய வீட்டுப் பையன்கள் ஏழெட்டு வயதுவரை தோளில் புரளும் சுருள்முடியோடு திரிவார்களாம். குட்டி இளவரசனாக நடிக்க அப்படி ஒரு பையன் வேண்டும். கம்பெனித் துணிகளை வெளுத்துத் தரும் அம்மாளின் மகனுக்கு முடி தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் நிற்க மாட்டான், அதனால் அவன் பெயர் பம்பரம். சவுரியக்கா அவனைக் காதைப் பிடித்து இழுத்துவந்து முதலாளி முன் நிறுத்தினாள். ஒத்திகைக்கு முன்னால் அவன் முடியை ஈரமாக்கி, துணிக்கீற்றுகளில் சுற்றி முடிச்சுப் போடுவாள். இடப்பக்கச் சுருளும் வலப்பக்கச் சுருளும் முகத்தை விட்டு விலகி எதிரெதிராகத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் காற்றடித்த தலை மாதிரி இருக்கும் என்பாள். காய்ந்ததும் அவிழ்த்தால் சுருள்கள் துள்ளும். பையனும் கூடவே துள்ளுவான்.

அவனுக்குத்தான் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. அவன் அம்மா நெருப்பாய்க் கொதித்த தலையை மொட்டையடித்து, ஈரத்துணி போட்டு, பக்கத்திலேயே கிடந்தாள். பிள்ளை பிழைத்தான். நாடகத்துக்கு முந்தின நாள் காலையில் எலும்பும் தோலுமாக, தலை பளபளக்க வந்து நின்றான்.

ராஜா வேஷம் கட்டுவது முதலாளிதான். அவனைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "இந்தத் தலையை வெச்சுக்கிட்டு இளவரசன்னா ஜனங்க சிரிக்க மாட்டாங்களா? வேற பையனைப் பாருங்கப்பா."

பம்பரம் அழவில்லை. படிக்கட்டு அறைக்கு வந்து, ஒரு திருடன் முடியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். "அக்கா, இது போதாதா? எனக்கு வசனம் எல்லாம் தெரியுமே."

சவுரியக்கா கையிலிருந்த சீப்பை மேசைமேல் போட்டாள். நேராக முதலாளியிடம் போனாள். "ஐயா, நாளைக்கு சாயந்திரம் திரை தூக்கறதுக்குள்ள இவன் தலையில முடி இருக்கும். இல்லேன்னா என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க."

"நீ ஏன் இவ்வளவு குதிக்கறே? சரி, நாளைக்கு சாயந்திரம் வரைக்கும்தான்" என்றார் அவர்.

நல்லவேளை, வெட்டின முடியை அந்த அம்மாள் தூக்கிப் போடவில்லை. துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள். ஆனால் வெட்டிய முடி துணிக்கீற்றுக்கு மசியாது. மரக்குச்சிகளில் இறுக்கிச் சுற்றி, வேகவைத்து, காயவிட்டு, பிசைந்த மாவுக்குள் பொதிந்து ரொட்டி அடுப்பில் சுட வேண்டும். மாவு வெந்தாலும் முடி கருகாது. அப்புறம் அந்தச் சுருளை உலக்கையால் இடித்தாலும் பிரிக்க முடியாது. அவளுடைய தம்பி ரொட்டிக்கடைக்காரன், அடுப்புக்குக் குறைவில்லை. அவனும் விடிவதற்குள் அழகாகச் சுட்டு, அலமாரியின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போனான். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் அல்லவா? சொல்லவில்லை, மகராசன்.

காலையில் சவுரியக்கா கடைக்கு வந்தபோது அலமாரி காலி.

"ஓரத்துல இருந்த பெரிய ரொட்டியா அண்ணி? நல்லா சிவந்திருந்துதுன்னு போலீஸ்காரருக்குக் குடுத்தேன்" என்றாள் தம்பி மனைவி.

"அடிப்பாவி! அது ரொட்டி இல்லடீ, பையனோட தலை!"

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் அப்படியே வெளியே நழுவினார்கள். சவுரியக்கா செருப்புக்கூடப் போடாமல் போலீஸ்காரர் வீட்டுக்கு ஓடினாள். அங்கே வீடே அலங்கோலம். ரொட்டியை அறுத்த கத்தி குச்சியில் மாட்டி, உள்ளிருந்து முடி நீண்டிருக்கிறது. அவர் மனைவி அலறிக்கொண்டு கையிலிருந்த பாதியை அப்படியே அடுப்பில் எறிந்துவிட்டாள். மிச்சப் பாதியை அவர் மேசைமேல் பரப்பி, கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கொலை கேஸ்மா. தொடாதீங்க."

"ஒரு கொலையும் இல்லீங்க. இந்த முடிக்குச் சொந்தக்காரன் கம்பெனி வாசல்ல கோலி ஆடிட்டிருக்கான். நீங்க குடும்பத்தோட நாடகத்துக்கு வாங்க, உங்க கண்ணாலயே பாருங்க."

முடி கிடைத்தது. ஆனால் பாதிதான். ஒரு முழுத் தலைக்கு அது எந்த மூலைக்கு? அவள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. இளவரசன் போடும் இறகு வைத்த தொப்பியை எடுத்தாள். விளிம்புக்கு உள்ளே சுருள்களைச் சுற்றிலும் தைத்தாள். பையன் தலையில் வைத்துப் பார்த்தால், தொப்பிக்குள்ளிருந்து தோள்வரை அத்தனை அழகாகச் சுருள் இறங்குகிறது! அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, "சரி, போகட்டும்" என்றார்.

திரை தூக்கினார்கள். பம்பரம் மேடையில் நடந்தான், ஓடினான், வசனத்தைக் கணீரென்று சொன்னான். பக்கத்திரைக்குப் பின்னால் சவுரியக்காவும் அவன் அம்மாவும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. காணாமல்போன மகன் திரும்பி வந்து ராஜா முன் மண்டியிடுகிறான். இவன் என் பிள்ளைதானா என்று ராஜா சந்தேகப்படுகிறார். ராஜா முன்னால் தொப்பியைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் சுருள் துள்ளத் தலையை ஆட்டச் சொல்லிக்கொடுத்தவளே சவுரியக்காதான். அது அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. உயிரே போய்விட்டது.

"டேய், வேணாம்டா!" என்றாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

பையன் கழற்றிவிட்டான். தொப்பியோடு சுருளும் போனது. விளக்கில் மொட்டைத்தலை மின்னியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். பம்பரம் தொப்பியைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான். வசனம் மறந்துவிட்டது.

"அப்பா... எனக்குக் காய்ச்சல் வந்துது. அதான் அம்மா மொட்டை போட்டுட்டாங்க" என்றான்.

முதலாளி அவனையே பார்த்தார். அவர் தலையில் இருப்பது முழுக்க முழுக்கச் சவுரியக்கா செய்த முடி. கடைத்தெருவில்கூட அது இல்லாமல் அவரை ஒருவரும் பார்த்ததில்லை. அது அவளுக்கும் அவர் வீட்டு அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. அப்பேர்ப்பட்ட மனுஷன், கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். முடியைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்துப் போட்டார். உள்ளே ஒரு மயிர் இல்லை.

"சபையோரே!" என்று கர்ஜித்தார். "இவன் என் மகன்தான் என்பதற்கு இனியும் சாட்சி வேண்டுமா?"

கொட்டகை இடிந்து விழாததுதான் பாக்கி. போலீஸ்காரர் பெஞ்சுமேல் ஏறி நின்று கைதட்டினார். ராஜா மகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ள, இரண்டு மொட்டைகளும் ஒன்றோடொன்று உரசின. அவன் அம்மா சவுரியக்காவின் தோளில் சாய்ந்து விம்மி விம்மிச் சிரித்தாள்.

திரை விழுந்ததும் முதலாளி மூச்சிரைக்கப் படிக்கட்டு அறைக்குக் குனிந்து வந்தார். ஒரு கையில் கிரீடம், மறுகையில் முடி. மேசைமேல் வைத்தார்.

"இதையும் ஒண்ணா சேர்த்துத் தைச்சுடு, அக்கா" என்றார். "நாளைக்கு சட்டுனு கழட்ட வசதியா இருக்கும்."